சரியாக இருந்ததைச் சரிபார்த்த நாள்

சரியாக இருக்கும் ஒன்றைச் சரிபார்ப்பதைப் போல ஆபத்தான காரியம் வேறு இல்லை. இதை எனக்குப் பொறியியல் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. பூனாவுக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லா அணைத் தண்ணீரில், இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்திருந்தபோது தானாகப் புரிந்தது.

மலைச் சரிவில் கீழ்நோக்கி ஓட்டுவதற்கென்றே ஒரு வகை சைக்கிள் உண்டு. (மேலே எப்படிப் போவது? தள்ளிக்கொண்டுதான்.) அதன் பின்பக்கம் குலுக்கலைத் தாங்க ஒரு ஷாக் அப்சார்பர், சுருக்கமாக ஷாக், இருக்கும். சுருள் ஸ்பிரிங், நடுவே எண்ணெய்க் குழாய், ஓரத்தில் ஒரு சிவப்புத் திருகு. பாறையில் மோதினால் ஸ்பிரிங் அமுங்கும். அமுங்கியது எவ்வளவு வேகமாக எழ வேண்டும் என்பதைச் சிவப்புத் திருகு முடிவு செய்யும். நிதானமாக எழுந்தால் சக்கரம் தரையை விடாமல் போகும். வேகமாக எழுந்தால் எருமை உதைத்த மாதிரி ஆளைத் தூக்கி எறியும்.

எனக்கு மணாலியில் நடக்கும் போட்டிக்குப் போக ஆசை. அம்மாவுக்கு நான் அந்த சைக்கிளை விற்றுவிட வேண்டும் என்று ஆசை. அம்மா கட்கியில் ஒரு மருத்துவமனையில் எலும்பு முறிவு வார்டு நர்ஸ். இருபத்தாறு வருஷமாக மாவுக்கட்டுகளுக்கு நடுவே வாழ்கிறவள். யாரைப் பார்த்தாலும் இவர் எங்கே உடைவார் என்று யோசிப்பாள்.

"ஒரு தடவ வந்து பாக்கறேன்" என்றாள் கடைசியில். "முழுசா எறங்கி வந்தீன்னா மணாலிக்குப் போ. இல்லன்னா வித்துடு. அதுக்கப்புறம் பேச்சே கூடாது."

(நான் சம்பாதிக்கிறவள்தான். கேட்காமலே போயிருக்கலாம். ஆனால் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், அதை வைக்க எங்கள் இரண்டு அறை வீட்டில் இடம் போதாது.)

எனவே பட்டியல் போட்டேன். காற்றடைத்த ஷாக்கா, ஸ்பிரிங் வைத்ததா என்று மூன்று வாரம், நாற்பது வரிசை அட்டவணை. ஸ்பிரிங் என்று முடிவானது. எவ்வளவு விறைப்பான ஸ்பிரிங் என்று தெரிய, ஹெல்மெட், மார்புக் கவசம், முழங்கால் கவசம் எல்லாம் போட்ட நிலையில் என் எடை வேண்டும். எங்கள் தெருவில் பெரிய தராசு இருப்பது பழைய பேப்பர் கடையில் மட்டும்தான். கவசத்தோடு ஏறி நின்றேன். கடைக்காரர் நிதானமாக மேலும் கீழும் பார்த்தார்.

"மேடம், லோஹா லிக்கூம் யா பிளாஸ்டிக்?" இரும்புக் கணக்கில் எழுதவா, பிளாஸ்டிக்கிலா என்று கேட்கிறார்.

அறுபத்தெட்டு கிலோ. அதற்கேற்ற ஸ்பிரிங் வந்தது. நான் சும்மா உட்கார்ந்தாலே ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்க இன்னொரு ஆள் வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு நான் சைக்கிள் மேல் உட்கார, அம்மா ஸ்கேலோடு தரையில் குனிந்தாள்.

"பத்தொம்பதரை மில்லி. ஒடஞ்ச கால் நீளத்த அளக்கற கை இது, தப்பா இருக்காது. ஆனா நான் இதுக்கு சம்மதிச்சேன்னு நெனச்சுக்காத."

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் மலையில் ஓட்டி ஓட்டிச் சிவப்புத் திருகுக்கும் இடம் கண்டுபிடித்தேன். பட்டியலில் எழுதினேன்: 'சிவப்புத் திருகு, 4 கிளிக்.' சைக்கிள் வெண்ணெயில் ஓடுவது போல் ஓடியது.

அங்கேயே விட்டிருக்கலாம். எங்கள் சைக்கிள் குழுவின் பந்தயம் அடுத்த ஞாயிறு; அம்மா வந்து பார்ப்பதாகச் சொன்னது அதைத்தான். அன்று காலை என் பட்டியலின் பதினேழாவது வரி சொன்னது: 'எல்லா அளவுகளையும் சரிபார்.' திருகு நான்கில் இருக்கிறதா என்று பார்க்க, அதை ஒரு முனைவரை திருகிவிட்டு, அங்கிருந்து திருப்பித் திருகி நான்கு கிளிக் எண்ண வேண்டும். முனைவரை திருகினேன். நான்கு எண்ணினேன். டிக் போட்டேன்.

எந்த முனை? பட்டியலில் எழுதவில்லை. நிதானமான முனையிலிருந்து எண்ணிய நான்கை, வேகமான முனையிலிருந்து எண்ணி வைத்துவிட்டேன். (அலுவலகத்தில் எனக்கு அதிர்வுச் சோதனை வேலை. 'எங்கிருந்து அளந்தது?' என்று குறிக்காத வரைபடங்களை முகத்திலடித்த மாதிரி திருப்பி அனுப்புகிறவள் நான்.)

மழைக்காலம் முடிகிற நேரம். மலை முழுக்கப் பச்சை, அதன்மேல் பாதி கலைந்த தூக்கம் போல மூடுபனி. கீழே அணைத் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தண்ணீர் ஓரத்தில், முடிவுக் கோட்டருகே, அம்மா கையில் பையோடு ஒரு புள்ளியாக நின்றாள். பையில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்: கிரேப் பேண்டேஜ், உடைந்த எலும்போடு வைத்துக் கட்டும் மரச் சிம்பு, என் ஆதார் நகல்.

இறங்கினேன். சைக்கிள் கொஞ்சம் துள்ளியது. இன்று உற்சாகமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஈரப் புல், சிவப்பு மண், காதருகே காற்று. பிறகு கடைசி மேடு. அதைத் தாண்டி இடப்பக்கம் திரும்ப வேண்டும்; நேரே போனால் அணைத் தண்ணீர்.

மேட்டில் ஷாக் அமுங்கியது. எழுந்தது. அவ்வளவு உறுதியோடு என்னை இதுவரை யாரும் எங்கும் அனுப்பி வைத்ததில்லை.

அதன் பிறகு சத்தமே இல்லை. கைப்பிடி மெல்ல என்னிடமிருந்து விலகிப் போனது, ரயிலில் வழியனுப்ப வந்தவர் போல. கீழே வெள்ளைப் பூக்கள் நிரப்பிய ஒரு படகு. அதில் நீளமான கவுன் அணிந்த ஒரு பெண், அவள் நெற்றியில் நெற்றி வைத்த ஒரு பையன். சுற்றிலும் ரோஜா நிறப் புகை. நான் அந்தப் புகைக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தேன். செத்துவிட்டேன், ஏற்பாடு நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது.

அப்புறம் சேறு.

கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட். பூனாவில் பாதிக் கல்யாணங்கள் அந்தத் தண்ணீரோரத்தில்தான் தொடங்குகின்றன. நான் விழுந்த சேறு மணப்பெண் சாயலியின் கவுனில் இடுப்புவரை தெறித்திருந்தது. அவள் படகிலிருந்து எட்டிப் பார்த்து, அடிபட்டதா என்று மராத்தியில் கேட்டாள். புகைப்படக்காரருக்கு வேறு கவலை.

"மேடம், ஏக் பார் அவுர் ஹோ சக்தா ஹை க்யா?" இன்னொரு முறை முடியுமா என்று.

அம்மா சேலையோடு தண்ணீரில் இறங்கி வந்தாள். என் கழுத்தெலும்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் தடவினாள். "கையத் தூக்கு. மூச்ச இழு. வலிக்குதா?"

"இல்லம்மா."

"சரி. வித்துடு."

காரில் ஏறியதும் அம்மா ஈரச் சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். பிறகு கேட்டாள்: "காலைல அது சரியாத்தான இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"அப்ப எதுக்குத் தொட்ட?"

"சரியா இருக்கான்னு பாக்க."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கூடிட்டு இருக்கற எலும்ப, கூடிச்சான்னு ஆட்டிப் பாக்கறவ நீ."

சைக்கிளை விற்க விளம்பரமும் எழுதிவிட்டேன். (அதற்கும் பட்டியல் உண்டு.) அதை வெளியிடுவதற்குள் சாயலியிடமிருந்து அழைப்பிதழ் வந்தது. வரவேற்பில் பெரிய திரையில் படம் ஓடியது. படகு, பூக்கள், ரோஜா மேகம், அதன் குறுக்கே இடமிருந்து வலமாக, மிக மெதுவாக, கைகளை விரித்தபடி நான். பின்னணியில் புல்லாங்குழல். ஹால் முழுக்கக் கைதட்டல். மறுபடி ஓட்டச் சொன்னார்கள். மூன்றாவது முறை ஓடும்போது அம்மா பக்கத்து நாற்காலி அம்மாளிடம் குனிந்து, "மேரீ பேட்டீ ஹை", என் பெண்தான், என்று சொல்வது கேட்டது.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, தரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "மணாலிக்கு எத்தன நாள் லீவு போடணும்? நானும் வரேன். அங்க நல்ல ஆர்த்தோ டாக்டர் இருக்கானோ என்னவோ."

போட்டிக்குக் கிளம்பிய அன்று ஆட்டோ வாசலில் நின்றது. நான் பழக்கதோஷத்தில் திரும்பவும் படியேறினேன், கதவு பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்க. அம்மா ஆட்டோவுக்குள்ளிருந்தே சொன்னாள்:

"வாடி. பூட்டித்தான் இருக்கு. நீ போய்ப் பாத்தா தொறந்துக்கும்."

இப்போது எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு, தண்ணீர்க் குழாய், ரயில் டிக்கெட் எதன் பக்கம் நான் போனாலும் இதே வசனம்தான். வேலூரில் இருக்கும் சித்தி போனிலேயே சொல்கிறாள்.