பாரம் ஊறிய புளித்தண்ணீர்

வீட்டில் பாரம் தூக்குகிற பொடியன் ஒருவன் இருந்தால், அந்தப் பாரத்தை அதிகம் தூக்குவது அவனுடைய தாய்தான். அவன் பின்னேரத்தில் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஏதோ கொஞ்சம் தூக்கிவிட்டுப் போய்விடுவான். தாயோ விறாந்தை கூட்ட ஒருதரம், மழை தூறினால் ஒருதரம், ஆட்கள் வந்தால் ஒளித்து வைக்க ஒருதரம் என்று நாள் முழுக்கத் தூக்குவாள். கொக்குவிலில் எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அம்மாவின் கை என் கையைவிட உரமானது. அது என் முதுகில் அடிக்கடி பரீட்சித்துப் பார்க்கப்பட்ட விசயம்.

அந்தப் பாரம் என் பெரியம்மாவின் மகனுடையது. அவர் ஜேர்மனிக்குப் போகும்போது என்னிடம் விட்டுவிட்டுப் போனார். நீண்ட கம்பி ஒன்று, இரண்டு டம்பெல், பெரிதும் சிறிதுமாக வார்ப்பிரும்புத் தட்டுகள். புறப்படுகிற அன்று, சொந்தப் பிள்ளையை ஒப்படைக்கிற மாதிரி என்னிடம் சொன்னார்.

“வேர்வையைத் துடைச்சுப்போட்டு வை. ஈர நிலத்திலை வையாதை. இடைக்கிடை எண்ணெய் பூசு, விளங்குதோ?”

“ஓம் அண்ணை, ஓம் அண்ணை” என்றேன். (அவர் படலையைத் தாண்டுமுன்பே மூன்றையும் மறந்துவிட்டேன்.)

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகம் கூப்பிடுமோ கூப்பிடாதோ என்று காத்திருந்த காலம் அது. செய்வதற்கு வேறு வேலை இல்லாததால் உடம்பு வளர்க்கத் தீர்மானித்தேன். உடம்பு வளரவில்லை, துருதான் வளர்ந்தது. கிணற்றடிக்குப் பக்கத்தில் கிடந்த தட்டுகள் மாரி முடியமுதலே செங்கல் நிறமாகிவிட்டன. நான் தொட்ட சுவர், கதவு, சேட்டு எல்லாவற்றிலும் என் கை அடையாளம் இருந்தது. பொலிஸ் தேடுகிற ஆளாக நான் இருந்திருந்தால் ஒரே நாளில் பிடிபட்டிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து அக்காவுக்குச் சம்பந்தம் பொருந்தியது. மாப்பிள்ளை சாவகச்சேரிப் பக்கம், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். சாதகம் பொருந்திவிட்டது. கோயிலில் ஒருவரையொருவர் தூரத்தில் நின்று பார்த்தும் ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது கைநனைப்பு மட்டும். எங்கள் பக்கத்தில் பேச்சு முடிவாகும்வரை மாப்பிள்ளை பகுதி பெண்வீட்டில் சாப்பிடாது. சாப்பிட்டுக் கை கழுவினால் சம்பந்தம் உறுதி, அதற்குப் பிறகு நாள் குறிக்கலாம். அப்பா கொழும்பில் வேலை. சண்டையால் பாதை பூட்டிக் கிடந்ததால் அவரால் வர முடியவில்லை. அம்மா தனி ஆளாக நின்று இந்தக் கலியாணத்தை இவ்வளவு தூரம் இழுத்து வந்திருந்தா. ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் கடைசி நேரத்தில் குழம்பியதால், இதுவும் குழம்பினால் அக்கா இனி ஒருவருக்கும் முன்னால் வந்து நிற்கமாட்டேன் என்று சொல்லியிருந்தா. சும்மா சொல்கிற ஆள் அல்ல அக்கா.

மாப்பிள்ளையின் தகப்பன் நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர். பேச்சு மிகக் குறைவு. அவர் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: “சோறு கறியெண்டு கஷ்டப்பட வேண்டாம். ஒடியற்கூழ் காய்ச்சினால் காணும்.” (காயவைத்த பனங்கிழங்கு மாவில் மீன், நண்டு போட்டுப் புளிவிட்டுக் காய்ச்சுவது அது.) மாப்பிள்ளையும் ஒரு சொல் சேர்த்து அனுப்பியிருந்தார். பெண்ணின் தம்பி பாரம் தூக்குகிறவராம், வரும்போது அதையும் பார்க்கவேணுமாம்.

அக்கா நேரே கிணற்றடிக்கு வந்தா.

“டேய், உந்தக் கோதாரியை அவர் பாத்தால் என்ன நினைப்பார்? ஒரு இரும்பையே வைச்சுப் பாக்கத் தெரியாத வீடு எண்டு நினைக்கமாட்டாரோ? ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் மினுக்கி வை. என்ரை மானத்தை வாங்கிப்போடாதை.”

துருவுக்கு மண்ணெண்ணெய் நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பொருளாதாரத் தடை இருந்த அந்த நாட்களில் மண்ணெண்ணெய் சாமான் அல்ல, சாமி. ஜாம் போத்தல் விளக்கில் துளித்துளியாக எரிந்துகொண்டிருந்தது. அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன்.

“விளக்குக்கே காணேல்லை, உன்ரை இரும்பைக் குளிப்பாட்ட மண்ணெண்ணெயோ? விசரே உனக்கு?”

அப்போது அம்மா கைநனைப்புக்காகக் குத்துவிளக்கு மினுக்கிக்கொண்டிருந்தா. பழம்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க விளக்கு பொன்னாக வந்தது. எனக்குள்ளும் விளக்கு எரிந்தது. புளியால் பித்தளை மினுங்குமென்றால் இரும்பு ஏன் மினுங்காது? (இந்தக் கேள்வியில் பிழை ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு செய்ததெல்லாம்தான் பிழை.)

எங்கள் வளவுப் புளிதான், உப்புப் போட்டுப் பானையில் அடைத்திருந்த பழம்புளி. அம்மா அந்தப் பக்கம் போன நேரம் ஒரு பெரிய உருண்டையை அள்ளினேன். அகன்ற அலுமினியச் சட்டியில் கரைத்துத் தட்டுகளை அதற்குள் அடுக்கிச் சனிக்கிழமை மத்தியானம் ஊறப்போட்டேன். அடுத்தநாள் காலை எடுத்துத் தேங்காய்த் தும்பால் தேய்த்தால், ஐயோ, என்ன வடிவு! வெள்ளி மாதிரித் தட்டுகள். குனிந்து பார்த்தேன், என் முகம் தெரிந்தது. கழுத்துக்குக் கீழே பார்க்க ஒன்றும் இல்லாததால் அத்தோடு நிறுத்திக்கொண்டேன். தட்டுகளைக் கிணற்றுக்கட்டில் வெயிலுக்குச் சாய்த்து வைத்தேன். கம்பி சட்டிக்குள் அடங்கவில்லை. மிஞ்சிய புளித்தண்ணீரால் அதைப் பிறகு தேய்க்கலாம் என்று நினைத்து, காகம் வாய்வைக்காமல் சட்டியைச் சுளகால் மூடிக் குசினியோடு ஒட்டிய பத்திக்குள் கொண்டுபோய் வைத்தேன். என் வாழ்க்கையில் ஒரு பொருளை ஒழுங்காக மூடிவைத்தது அந்த ஒரு நாள்தான்.

உடனே அம்மா சைக்கிளில் என்னைக் குருநகருக்குக் கலைத்தா. நண்டு, இறால், திருக்கை, நல்ல மீன்தலை ஒன்று. வாங்கிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க வந்து கொடுத்தேன். முற்றத்தில் மூன்று கல் வைத்த அடுப்பில் கூழ்ப்பானை ஏறியிருந்தது. அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, அகப்பையும் கையுமாக நின்றா. சின்னம்மாவின் கூழ் ஊர் அறிந்த கூழ். நான் கிணற்றடிக்கு ஓடி, தட்டுகளைத் திரும்பியும் பாராமல் இரண்டு வாளி ஊற்றிக் குளித்தேன்.

மாப்பிள்ளையின் மோட்டார்சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியதால் ஒழுங்கைக்குள் முதலில் புகை வந்தது, பிறகு சத்தம் வந்தது, கடைசியாகத்தான் மாப்பிள்ளையும் தகப்பனும் வந்தார்கள். முற்றத்தில் பாய் விரித்து இருத்தினோம். பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் அக்காதான் கூழ் கொண்டுவந்து கொடுத்தா. கொடுக்கும்போது மாப்பிள்ளையைப் பார்த்து மெல்லச் சிரித்தா. அவரும் இரண்டு மிடறு குடித்துவிட்டு நிமிர்ந்து சிரித்தார். பிறகு இரண்டு பேரும் ஏனோ சட்டென்று குனிந்துகொண்டார்கள். வெட்கம் என்று நினைத்தேன்.

“நண்டு நல்ல நண்டு” என்றார் தகப்பன். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “நிறம்தான் கொஞ்சம் கறுப்பு.”

“ஒடியல் பழசு ஐயா” என்றா சின்னம்மா கூசாமல்.

அவர் இரண்டாவது பிளா கேட்டார். பிளா எடுக்கப் பத்திக்குள் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். சுளகு சுவரில் சாய்ந்து கிடந்தது. சட்டி கவிழ்த்து வைத்திருந்தது, கழுவியும் இருந்தது.

“சின்னம்மா,” அகப்பையோடு பின்னால் வந்தவவிடம் கேட்டேன். “உந்தச் சட்டிக்குள்ளை கிடந்தது எங்கை?”

“கொம்மா கரைச்சு வைச்ச புளியோ? கூழுக்கு விட்டாச்சு.”

“அது அம்மா கரைச்சதில்லை. நான் பாரம் ஊறப்போட்டது.”

சின்னம்மா அகப்பையைக் கீழே வைத்தா.

“நான் என்னத்தைக் கண்டன்? புளி மாதிரிக் கிடந்தது, புளி மாதிரி மணத்தது. ருசி பாத்தன், புளிப்புக் காணேல்லை. இன்னும் கொஞ்சம் கரைச்சு விட்டனான்.”

“புளிப்பை இரும்பு குடிச்சிருக்கும், சின்னம்மா.”

“அப்ப இரும்பை நாங்களோ குடிக்கிறம்?” என்று கத்தியவ உடனே வாயைப் பொத்தினா. பொத்துமுன் நான் பார்த்துவிட்டேன். பல், நாக்கு, பல்முரசு எல்லாம் நாவற்பழம் தின்ற கறுப்பு. கூழ் காய்ச்சுகிற ஆள் ருசி பார்க்காமல் இருப்பாவா?

ஓடிப்போய் முற்றத்தைப் பார்த்தேன். அம்மா சிரித்து உபசரிக்கிறா, கறுப்பு. அக்கா கதவோடு நிற்கிறா, ருசி பார்த்திருக்கிறா, கறுப்பு. மாப்பிள்ளையின் தகப்பன் மீன்முள்ளைத் துப்ப வாயைத் திறந்தார். எனக்கு அங்கேயே கிணற்றுக்குள் குதிக்கலாம் போலிருந்தது. மூன்றாவது சம்பந்தமும் போயிற்று, அதுவும் என் கையால் போயிற்று. பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் அந்த மனுசன் இரண்டாவது பிளாவுக்குக் கையை நீட்டிவிட்டார்.

“ஐயா, குடியாதேங்கோ!” என்று கத்திவிட்டேன்.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். துரு, மண்ணெண்ணெய் இல்லாதது, குத்துவிளக்கு, புளி, சுளகு. சொல்லச் சொல்ல அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டா. அக்கா கதவுக்குப் பின்னால் மறைந்துவிட்டா.

தகப்பன் மகனைப் பார்த்தார். “தம்பி, வாயைத் திற.”

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். தகப்பன் நிதானமாக எட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“துரு போச்சுதோ?”

“என்ன ஐயா?”

“உன்ரை இரும்பிலை துரு போச்சுதோ எண்டு கேக்கிறன்.”

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். சிரித்து, இருமி, கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு தகப்பனிடம் சொன்னார்: “அப்பா, அவ சிரிக்கேக்கை பல்லைக் கண்டனான். பிறவியிலை அப்பிடியாக்கும், பரவாயில்லை எண்டு இப்பதான் மனதைத் தேற்றி வைச்சனான்!”

கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. “நானும் உங்களை அப்பிடித்தான் நினைச்சனான்.”

அதுதான் அவர்கள் இருவரும் பேசிய முதற்பேச்சு. கறுப்புப் பல்லோடேயே கலியாணம் செய்ய இரண்டு பேரும் தனித்தனியாக முடிவெடுத்துவிட்டார்கள் என்பதைக் கேட்டபோது அம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தா.

பிறகு எல்லோருமாகப் பாரம் பார்க்கக் கிணற்றடிக்குப் போனோம். வெள்ளி மாதிரி வைத்துவிட்டு வந்த தட்டுகள் எல்லாம் பழையபடி சிவந்து கிடந்தன. முன்பைவிட நல்ல சிவப்பு. துரு எங்கள் வயிற்றுக்குள்ளும் இருந்தது, இரும்பிலும் இருந்தது. அவ்வளவு சிறப்பான துப்புரவு வேலை!

“புளியிலை ஊறவைச்சது பிழையில்லை” என்றார் மாப்பிள்ளை என்னைப் பார்த்துப் பாவப்பட்டு. “எடுத்த கையோடை கழுவி, அடுப்பிலை ஈரம் போகக் காயவைச்சு, சூட்டோடை எண்ணெய் பூசவேணும். ஈரத்தோடை வைச்சால் உப்பிடித்தான்.”

சேட்டுக் கையை மடித்துவிட்டு அவரே தேய்க்கத் தொடங்கினார். கூழ்ப்பானை இறக்கிய அடுப்பில் தட்டுகளை ஒவ்வொன்றாகச் சூடாக்கினோம். எண்ணெய்க்கு எங்கே போவது? தேங்காயெண்ணெயும் அப்போது மருந்துக்குத்தான் கிடைத்தது. அக்கா உள்ளே போய், கலியாண நாளுக்கென்று தலைக்குப் பூச ஒளித்துவைத்த சின்னப் போத்தலைக் கொண்டுவந்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்தா. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, அடுத்த தட்டைத் தூக்கி அடுப்பில் வைத்தா.

தகப்பன் கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக் கை கழுவினார். வாயையும் கொப்பளித்தார், அது போகவில்லை. “அப்ப, பிள்ளை, கலியாண நாளைப் பாப்பம்” என்றார் அம்மாவிடம். (அடுத்த நாள் காலை இரண்டு குடும்பங்களும் கண்ட அதிசயத்தை இங்கே எழுத முடியாது.)

அன்றிலிருந்து எனக்கு வீட்டில் பெயர் போய், துரு என்ற பட்டம் வந்தது. அக்காவின் பிள்ளைகளுக்கு நான் இப்போது “துரு மாமா”. எந்த ஊரில், எந்த வீட்டில் கூழ் காய்ச்சினாலும் அத்தான் முதல் பிளாவைக் குடித்ததும் என்னிடம் வாயைத் திறந்து காட்டி, “பாத்துச் சொல்லு” என்பார். நானும் எழுந்துபோய்ப் பார்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் பகிடியை முதலில் விட்டவர் அத்தான் அல்ல. தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்க, எங்கள் வலிகாமமே ஒரேயடியாக எழும்பி, அக்கா வாழ்க்கைப்பட்ட தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் நடந்தோம். மழை. கையில் கிடைத்ததைச் சைக்கிளில் கட்டினோம். பாரம் கிணற்றடியிலேயே கிடந்தது. (எண்ணெய் பூசித்தான் வைத்துவிட்டு வந்தேன், ஏன் என்று கேட்காதீர்கள்.) வழி முழுக்க அம்மா அழவேயில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்தநாள் மத்தியானம் அக்காவின் வீட்டுப் படலைக்கு வந்து சேர்ந்தோம். அத்தானின் தகப்பன் குடையோடு வெளியே நின்றார். எப்போதிருந்து நின்றாரோ தெரியாது, வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. எங்கள் கோலத்தைப் பார்த்தார். அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

“உள்ளை வா பிள்ளை. கூழ் சூடாக் கிடக்கு” என்றவர், சைக்கிளோடு நின்ற என்னை ஒருதரம் பார்த்தார். “பயப்பிடாமல் குடிக்கலாம். உவன் வருவான் எண்டு தெரிஞ்சு, புளியை நானே கரைச்சனான்.”

அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. சிரித்தபடியே, வீட்டை விட்டு வந்ததற்காக முதன்முதலாக அழுதா.