அல்லித் தொட்டியைக் கவிழ்த்த விவரம்

மரியாதைக்குரிய பெரிய மச்சானுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். உங்கள் தங்கை பெட்டியும் கையுமாக வந்து சேர்ந்திருப்பாள். இன்னொரு கையில் உள்ள பாட்டிலில் இருப்பவை மீன்கள். அவளைச் சமாதானப்படுத்தித் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதே இக்கடிதத்தின் நோக்கம். சுகாதார ஆய்வாளன் என்ற முறையில், நடந்ததை விருப்பு வெறுப்பின்றி எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் டெங்கு. முதலில் தையல்காரர் படுத்தார், பிறகு எதிர்வீட்டு வக்கீலின் மகள், பிறகு வரிசையாக. டெங்குக் கொசு வெகுதூரம் பறக்காது, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்பதால் வீடு வீடாகப் புகுந்து பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, மொட்டை மாடி டயர் என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். தையல்காரர் வக்கீல் வீட்டைக் கைகாட்டினார். வக்கீலோ, "புழு கிடைச்சாலும், அது என் வீட்டுலதான் பொறந்ததுன்னு நீங்கதான் நிரூபிக்கணும்" என்று சட்டம் பேசினார். புழுவே கிடைக்கவில்லை. கடைசியில் காய்ச்சல் கண்ட வீடுகளை வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாக வைத்தோம். என் உதவியாளர் அதன் நடுவில் விரலை வைத்தார். "சார், நடுவுல இருக்கிறது உங்க வீடு சார்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது: எங்கள் கல்யாண நாளுக்கு நீங்கள் வாங்கித் தந்த அல்லித் தொட்டி. "அதுல மீன் கிடக்கு. மீன் புழுவைத் தின்னுடும்னு நீங்கதானே ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறீங்க?" என்றாள் உங்கள் தங்கை. "அதை விட்டா இந்த வீட்டுல வேற எங்க தண்ணி தேங்குது, சொல்லு பாப்போம்" என்றேன். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று காட்ட, வக்கீலைக் கூப்பிட்டு நிறுத்தி, தெருவே பார்க்கத் தொட்டியைக் கவிழ்த்தேன். துள்ளிய மீன்களை அவள்தான் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "எங்கண்ணன் குடுத்ததுன்னாதான் உங்க கண்ணை உறுத்தும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்தாள். நான் செய்தது சரியென்று நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பாள். உங்களிடம் அவள் எதிர்த்துப் பேசமாட்டாள். என்னிடம்தான் அந்தப் பழக்கம் இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. வீட்டில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டும்போது எனக்குக் குளிர் கண்டது. ரத்தம் சோதித்ததில் டெங்குதான். வீட்டுக்குள் புகையடிக்க வந்த உதவியாளர், என் மேஜைக்குப் பின்னாலிருந்து ஒரு ஜாடியைத் தூக்கி வந்தார். பள்ளிக்கூடங்களில் காட்டுவதற்காக நான் கொசுப்புழு வளர்க்கும் ஜாடி. அதைத் தேங்கிய தண்ணீர் என்று நான் நினைத்ததே இல்லை, அது அலுவலகப் பொருள். ஜாடியின் வாயில் கட்டியிருந்த துணி கிழிந்திருந்தது. புழுக்கள் வளர்ந்து ஆளாகிப் பறந்துவிட்டிருந்தன. "இதை எந்த வீட்டுக் கணக்குல சார் எழுதறது?" என்றார் உதவியாளர். ஆகவே மேலே உள்ள எதையும் அவளிடம் காட்ட வேண்டாம். அவள் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது, ஆனாலும் இப்போது அனுப்ப வேண்டாம், இங்கே கொசு இருக்கிறது. தொட்டியை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். முதலில் மீன்களை மட்டும் அனுப்பிவைக்கவும்.