பம்ப் மாட்டிய அத்தான் படகுச் சாவி கேட்டு எழுதியது

அன்பும் அறிவும் ஒருங்கே அமைந்த மைத்துனருக்கு,

உன் அக்காவைக் கட்டிய அத்தான் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம். உன் படகும் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. பாதிக் கடிதத்தில் உனக்கு இதில் சந்தேகம் வரக்கூடும் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"இன்ஜின் சூடாகுதுன்னா தண்ணி இழுக்கிற பம்ப் போயிருக்கும் அத்தான். புதுசு அனுப்புறேன், மெக்கானிக்கைக் கூப்பிடுங்க" என்று நீ போனில் சொன்னாய். மெக்கானிக் எதற்கு, நான் இல்லையா என்றேன். சிரித்தாய். சிரித்துவிட்டு, "சரி, நீங்களே மாட்டி ஓட்டிக் காட்டுங்க. நான் திரும்பி வர்ற வரைக்கும் அக்காகிட்ட இருக்கிற படகுச் சாவி உங்களுது" என்றாய். நீ விளையாட்டுக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் தம்பி, ஓய்வு பெற்றதிலிருந்து இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது தபால் பெட்டிச் சாவி ஒன்றுதான். கார்ச் சாவி உன் அக்காவிடம். டிவி ரிமோட்டும் உன் அக்காவிடம். ஆகவே இந்த வேலையில் உயிரைக் கொடுத்து இறங்கினேன்.

இறங்கினேன் என்பது பேச்சுக்கு இல்லை. இன்ஜின் மூடியைத் திறந்து தலைகீழாகத்தான் இறங்க முடிந்தது. பம்பை அந்த மூலையில் வைத்தவனுக்கு முழங்கையே கிடையாது போலிருக்கிறது. என் கையில் ஸ்பேனர், வாயில் டார்ச், கால் இரண்டும் வானத்தைப் பார்த்தபடி. பக்கத்துப் படகுக்காரர் டீ குடித்துக்கொண்டே, "சார், கடல் தண்ணி உள்ள வர்ற வால்வை மூடிட்டீங்கல்ல?" என்று கேட்டார். வாயில் டார்ச் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. அப்படி ஒரு வால்வு இருப்பதே எனக்குத் தெரியாது என்பதும் ஒரு காரணம். குழாயைக் கழட்டினேன் பாரு, அப்பப்பா! மூஞ்சியிலேயே பீச்சி அடிச்சுது. கட்டை விரலை வெச்சு அடைச்சேன். விரலை எடுத்தா படகு போச்சு, எடுக்கலைன்னா எனக்கு மூச்சு போச்சு. "வால்வு! வால்வு!"ன்னு கத்தினதுல டார்ச் தண்ணிக்குள்ள விழுந்துடுச்சு. அந்த மனிதர் டீயை நிதானமாகக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, ஒரு பிடியைத் திருப்பினார். தண்ணீர் நின்றது. "இதைத்தான் கேட்டேன்" என்றார். நல்ல மனுஷன்தான், ஆனால் இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

பழைய பம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, புதியதைப் பக்கத்தில் வைத்து அளவு சரிதானா என்று சாப்பாட்டு மேசையில் ஒப்பிட்டுப் பார்த்தேன். உன் அக்கா வந்தாள். "இது சாப்பிடுற மேசையா, மெக்கானிக் ஷெட்டா? முதல்ல போய்க் குளிங்க. டீசல் நாத்தம் குடலைப் புரட்டுது" என்றாள். குளித்தேன், சாப்பிட்டேன், கொஞ்சம் கண் அயர்ந்தேன். எழுந்து வந்தால் மேசை பளிச்சென்று துடைத்திருக்க, இரண்டு பம்பும் செய்தித்தாள் மேல் உட்கார்ந்திருந்தன. புதுசு என்றால் புதுசுதான் தம்பி! முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு மினுமினுப்பு. எலுமிச்சை வாசனை வேறு. பம்புக்கெல்லாம் வாசனை போட்டு அனுப்புகிற கம்பெனியை இப்போதுதான் பார்க்கிறேன். பழசோ, கிரீஸ் அப்பிக்கொண்டு, தொட்டாலே கையெல்லாம் பிசுபிசு. அதைக் கொண்டுபோய்ப் பின்கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் எலுமிச்சைப் பம்பை மாட்டினேன். நான்கு போல்ட்டும் சொன்ன பேச்சைக் கேட்டன. வால்வைத் திறந்தேன்; இப்போது அதில் நான் கைதேர்ந்தவன். உன் அக்காவிடம் ஒரு மணி நேரத்துக்குச் சாவியைக் கடன் வாங்கி இன்ஜினைக் கிளப்பினால், பின்பக்கக் குழாயில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது! சூடு காட்டும் முள் அசையவே இல்லை. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பக்கத்துப் படகுக்காரரை வலியக் கூப்பிட்டு, பழைய பம்பு ஏன் உதவாது, புதிய பம்பின் இழுவை எப்படி என்று விளக்கமாக ஒரு வகுப்பே எடுத்தேன். "பரவாயில்லையே சார்" என்றார். அந்த வாயால் அதைச் சொல்ல வைத்துவிட்டேன்.

ஆகவே நீ பேச்சு மாறாமல், உன் அக்காவுக்கு உடனே போன் போட்டு, சாவியை முறைப்படி என்னிடம் ஒப்படைக்கச் சொல்லவும். உன் இன்ஜின் என்றும் குளிர்ந்திருக்க, உன் டேங்க் என்றும் நிறைந்திருக்க, மனதார ஆசீர்வதிக்கும்,

அத்தான்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உன் அக்கா பின்கதவருகே கால் இடித்துக்கொண்டு, "புதுப் பம்பை எதுக்குங்க இங்க போட்டு வெச்சிருக்கீங்க? இன்னும் மாட்டலையா?" என்றாள். நான் விளக்கினேன். பிறகு அவள் விளக்கினாள். அழுக்கைப் பார்க்கச் சகிக்காமல் பழையதைப் பாத்திரம் தேய்க்கிற சோப்புப் போட்டுத் தேய்த்தாளாம். அதன் வாயில் அடைத்துக் கிடந்த பிளாஸ்டிக் பையை இடுக்கியால் இழுத்துக் குப்பையில் போட்டாளாம். புதியதன் மேல் இருந்தது கம்பெனிக்காரன் தடவிய கிரீஸாம், அதை அவள் தொடவே இல்லையாம். ஆக, உன் பம்ப் கெட்டே போகவில்லை. படகைச் சரிசெய்தது யார் என்று நீ கேட்பதற்குள் அவளே கேட்டுவிட்டாள். சாவி அவள் கைப்பைக்குள் போய்விட்டது. நாளைக் காலையில் தோழிகளோடு படகில் கிளம்புகிறாளாம். வால்வு திறக்க ஓர் ஆள் வேண்டும் என்று எனக்கும் பின்னால் ஓர் இடம் கொடுத்திருக்கிறாள். தயவுசெய்து போன் கீன் செய்துவிடாதே, அந்த இடமும் போய்விடும்.