தாடையில் ஒரு மச்சம்

இனிமேல் நான் ஓர் ஓவியன் என்று ஒரு திங்கட்கிழமை காலை முடிவெடுத்தேன். பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது எடுத்த முடிவு. எங்கள் வீட்டில் நான் முடிவெடுக்க ஒதுக்கப்பட்ட இடம் குளியலறை மட்டும்தான். மற்ற அறைகளில் நான் போவதற்குள் முடிவுகள் எடுக்கப்பட்டு, காய்ந்து, மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

கலை ஆர்வம் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். காரணம் ஓர் அறை. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதிலிருந்து அவள் அறை காலியாகக் கிடந்தது. பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம், கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாள்மேல் எனக்கு ஒரு கண்.

என் மனைவிக்கும் அந்த அறைமேல் கண்தான். அவளுடைய அம்மா, மகன் வீட்டு ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் படுத்துக்கொள்கிறார். அவரை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மாமியாரோ ரோஷக்காரர். "மாப்பிள்ளை வாயைத் திறந்து கூப்பிடாம அங்க வந்து உக்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். என் வாய் சாப்பிடவும் ஆமாம் போடவும் மட்டும் பழகிய வாய். அதைக் கெட்டியாக மூடிக்கொண்டேன்.

ஆனாலும் காலி அறை ஆபத்து. அதில் ஒரு மேசையைப் போட்டு, அதன்மேல் ஒரு தொழிலையும் போட்டு, ஸ்டூடியோ என்று பெயரும் வைத்துவிட்டால் அப்புறம் யாரும் அசைக்க முடியாது. பகலில் தண்ணீர் பம்பு கம்பெனியில் பில் போடுகிறவன், மாலையில் தாழ்ப்பாள் போட்ட கலைஞன். அன்றே ஒரு டேப்லெட்டோடு வீட்டுக்கு வந்தேன். மேசை மறுநாள் அந்த அறைக்கு வந்தது.

"என்னங்க இது, பெரிய போனா?"

"வரையற டேப்லெட். இந்தப் பேனாவால திரையிலயே வரையலாம். டிஜிட்டல் ஓவியம்."

"யாரு வரையப் போறா?"

"நான்தான்."

"உங்க கையெழுத்தே ஒத்துப்போகலைன்னு பேங்க்ல செக்கைத் திருப்பி அனுப்பினாங்களே."

"அதனாலதான் பயிற்சி வேணும்கறேன். பயிற்சிக்குத் தனி ரூம் வேணும்."

அவள் திரும்பிப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். அவள் பேசினால் எனக்குப் பயம் கிடையாது, கேட்டுக்கொண்டே பேப்பர் படிப்பேன். பேசாமல் வேலை செய்தால்தான் பேப்பரை மடித்து வைப்பேன்.

"முதல்ல யாரை வரையப் போறீங்க?"

"வேற யாரை? உன்னைத்தான்."

இது என் துருப்புச்சீட்டு. அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்ப ஒரு பந்தயம். இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு அம்மா சாப்பிட வராங்க. படத்தை அவங்ககிட்டக் காட்டுவோம். அது யாருன்னு நாம வாயே திறக்கக் கூடாது. அவங்க சரியாச் சொல்லிட்டா ரூம் உங்களோடது. அப்புறம் நான் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"தப்பாச் சொன்னா?"

"நீங்களே அம்மாவை வாய் திறந்து இருக்கச் சொல்லிக் கூப்பிடணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பெற்ற தாய்க்கு மகளின் முகம் தெரியாமல் போகுமா? கண்ணும் மூக்கும் ஏறக்குறைய அந்தந்த இடத்தில் இருந்தால் போதுமே. சரி என்று அவள் கையில் அடித்துக் கொடுத்தேன்.

பாடம் கற்றது ஒரு வீடியோ மாஸ்டரிடம். தாடி வைத்த இளைஞர். "முகம்னா முதல்ல ஒரு வட்டம், அப்புறம் தாடை, நடுவுல ஒரு சிலுவைக் கோடு. பக்கத்துல போட்டோ ஒண்ணு வெச்சுக்கங்க. அடிக்கடி படத்தைச் சின்னதாக்கித் தள்ளி நின்னு பாருங்க" என்றார். பெரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

"போட்டோ எடுத்துத் தரட்டுமா?" என்றாள் மனைவி.

"எதுக்கு? உன் மூஞ்சி எனக்கு மனப்பாடம்."

"அப்படியா?" என்றாள். அந்த 'அப்படியா'வை அன்றைக்கு நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வட்டம் போட்டேன். உருளைக்கிழங்கு வந்தது. அழித்துப் போட்டேன். இன்னொரு உருளைக்கிழங்கு. டேப்லெட்டில் ஒரு வசதி உண்டு, ஒரு பொத்தானைத் தட்டினால் செய்த தப்பு செய்யாததாகிவிடும். எங்கள் வீட்டில் இதற்கு நேர் எதிரான வசதி உண்டு. செய்யாத தப்பு செய்ததாகிவிடும். எப்படியோ தட்டித் தட்டி ஒரு முகத்தின் கிறுக்கல் உருவானது.

மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"யாரு இது?"

"நீதான். இது வெறும் ரஃப் ஸ்கெட்ச்."

"காதைக் காணோம்?"

"அது அடுத்த லேயர்ல வரும்."

"இந்த வீட்ல காது கேக்காதது நான் இல்லையே" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

லேயர் என்றால் கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. அடித்தாளில் கிறுக்கல். அதை மங்கலாக்கிவிட்டு மேல்தாளில் சுத்தமான கோடு. கோட்டுக்குக் கீழே ஒரு தாளில் நிறம், இன்னொன்றில் நிழல். கோடு போட ஆரம்பித்தபோதுதான் ஜூம் என்கிற அற்புதத்தைக் கண்டுபிடித்தேன். இரண்டு விரலை வைத்து விரித்தால் மூக்கு மட்டும் திரை முழுக்க வரும். மூக்கின் ஒரு துவாரத்துக்குள் குடித்தனமே நடத்தலாம். அவ்வளவு பெரிதாக வைத்து வரைந்தால் கை நடுக்கம் தெரிவதில்லை. அதனால் அப்படியே வரைந்தேன். திங்கட்கிழமை இடது கண்ணில் இருந்தேன். செவ்வாய்க்கிழமை வலது கண்ணுக்குக் குடிபோனேன். முழு முகத்தைப் பார்க்க எனக்கு நேரமே இல்லை.

அந்த வாரம் முழுக்க மனைவி எனக்கு உதவியாக இருந்தாள். காபியோடு வருவாள், தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள், ஒரு யோசனை சொல்வாள்.

"கண்ணுக்குக் கீழ இவ்வளவு வழவழன்னா இருக்கேன்? ரெண்டு சுருக்கம் போடுங்க."

"வேண்டாம்மா, நல்லா இருக்காது."

"படம் உண்மையா இருக்கணும்ங்க. பொய்யா அழகாப் போட்டா அம்மாவுக்கு அடையாளம் தெரியுமா?"

சொந்த முகத்தில் சுருக்கம் கேட்கிற பெண்ணை நான் பார்த்ததில்லை. இப்படி ஓர் அடக்கமானவளைக் கட்டிக்கொண்டோமே என்று நெஞ்சு நிறைந்தது. தாராளமாகச் சுருக்கம் போட்டேன். நிழல் லேயரில் பிரஷ்ஷை மெல்ல ஓட்டினால் சுருக்கம் அருமையாக வருகிறது. அதில் எனக்கு ஒரு கைராசி இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள், "முடி ரொம்பக் கறுப்பா இருக்கே" என்றாள்.

"உனக்குக் கறுப்புதானே?"

"அது சாயம். உள்ள இருக்கறதைக் கொண்டுவரவன்தான் கலைஞன்னு உங்க தாடிக்காரரே சொன்னாரே."

சொன்னார்தான். நரை போட்டேன். அதற்கு அடுத்த நாள் கண்ணாடி வந்தது, படிக்கும்போது போடுகிறாளே என்று. "பிரேம் இன்னும் கொஞ்சம் தடிமனா இருக்கட்டும்" என்றாள். முடி உச்சியில் கொண்டையாக ஏறியது. கன்னம் கொஞ்சம் உள்ளே போனது. ஒவ்வொன்றையும் நான் திரை நிறைய விரித்து வைத்துக்கொண்டு, அவள் சொன்ன மாதிரியே, பக்தியோடு வரைந்தேன்.

வெள்ளிக்கிழமை தாடையில் இருந்தேன். தாடை திரையில் ஒரு மைதானம்போல் விரிந்து கிடந்தது.

"மச்சத்தை விட்டுட்டீங்களே" என்றாள் பின்னாலிருந்து.

கை அப்படியே நின்றுவிட்டது. மச்சமா? இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் தாடையில் மச்சம் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. திரும்பிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் திரும்பினால் என்ன அர்த்தம்? மனப்பாடம் என்று மார் தட்டியவனுக்குக் கட்டியவளின் மச்சம் தெரியாது என்று அர்த்தம். அதற்கப்புறம் நான் எந்தக் குளியலறையிலும் தலைநிமிர்ந்து பல் தேய்க்க முடியாது.

"அதைக் கடைசியாப் போடலாம்னு வெச்சிருந்தேன்" என்றேன்.

"எந்தப் பக்கம்னு ஞாபகம் இருக்குல்ல?"

"அதெப்படி மறக்கும்? நீயே சொல்லேன், சரியாச் சொல்றியா பாக்கலாம்."

"இடது பக்கம்."

"அதேதான்" என்று சொல்லி ஒரு மச்சத்தை வைத்தேன். நல்ல பெரிய மச்சம். அதற்கு ஒரு சின்ன ஒளிப்புள்ளிகூட வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வந்தார். சாப்பிட்டார். கை கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் டேப்லெட்டை எதிரே மேசைமேல் சாய்த்து வைத்து, முழுப் படத்தையும் முதல்முறையாகத் திரைக்குள் அடக்கினேன்.

அதற்குள்ளிருந்து என் மாமியார் என்னைப் பார்த்தார்.

பின்னால் நாற்காலியிலிருந்தும் அவரேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அதே தடித்த பிரேம் கண்ணாடி, அதே கொண்டை, தாடையில் இடது பக்கம் அதே மச்சம். மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தாடை துடைத்து வைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது.

மாமியார் எழுந்து வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். திரையைத் தொடாமல் விரலை மட்டும் அந்த மச்சத்தின் அருகே கொண்டுபோனார்.

"இது நான்தானே?"

"சொல்லுங்க, யாரை வரைஞ்சீங்க? நீங்கதான் சொல்லணும்" என்றாள் மனைவி, பச்சைக் குழந்தை முகத்தோடு.

என் மூளை வேகமாகக் கணக்குப் போட்டது. அத்தை, இது உங்கள் மகள் என்று சொன்னால் பந்தயத்தில் தோற்றேன். அதோடு போகாது. கட்டியவளைக் கிழவியாக்கியவன் என்ற பெயரோடு மிச்ச வாழ்நாள் முழுக்க அவள் கையால் சாப்பிட வேண்டும். ஆனால் நீங்கள்தான் என்று சொன்னால்? படத்தில் இருப்பது யார் என்று அவர் சரியாகச் சொன்னதாகிவிடும். பந்தயம் எனக்கு. அறை எனக்கு. இவ்வளவு திட்டம் போட்ட மனைவி இந்த ஓட்டையைப் பார்க்காமல் விட்டுவிட்டாளே என்று அவள்மேல் ஒரு பரிதாபம்கூட வந்தது.

"நீங்கதான் அத்தை" என்றேன் கம்பீரமாக. "சந்தேகமே வேண்டாம்."

மாமியார் அழ ஆரம்பித்துவிட்டார். சத்தமில்லாமல், கண்ணாடிக்குள்ளேயே.

"அவர் இருந்தவரைக்கும் என்னை ஒரு போட்டோ எடுத்ததில்ல மாப்பிள்ளை. எல்லாரும் நிப்பாங்க, நான் சமையல்கட்டுல இருப்பேன். நீங்க இத்தனை சுருக்கத்தையும் உக்காந்து எண்ணி வரைஞ்சிருக்கீங்களே. ஒரு மச்சம்கூட விடாம."

நான் குனிந்து டேப்லெட்டின் ஓரத்தைத் துடைக்க ஆரம்பித்தேன். பொய் சொன்ன வெட்கம் பாதி, அந்த அழுகையைப் பார்க்க முடியாமல் பாதி.

"ஜெயிச்சிட்டீங்க" என்றாள் மனைவி. "ரூம் உங்களோடதுதான். நான் இனிமே அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதை எங்க மாட்டப் போறீங்க?"

"பிரிண்ட் போட்டு என் ரூம்லதான் அத்தை. ஜன்னலுக்கு எதிர்ச் சுவர்ல."

"என் படத்துக்கு ரூம்ல இடம் கொடுத்துட்டீங்க" என்றார் மெதுவாக. "வாங்கன்னு ஒரு வார்த்தைதான் என்கிட்ட இதுவரைக்கும் சொன்னதில்ல."

மனைவி ஜன்னலைப் பார்த்தாள். அவள்தான் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாளே. எதிரில் ஈரக் கண்ணோடு நிற்பவரை வைத்துக்கொண்டு, படம் மட்டும் போதும் நீங்கள் வேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்த லேயரிலும் மனசு வரவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"வாங்க அத்தை. இங்கயே இருங்க. உங்க ரூம்தான் அது."

சொன்ன பிறகு மனசு கொஞ்சம் லேசாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மாமியார் முகம் கழுவப் போனார். நான் மனைவியை மடக்கினேன்.

"இது மோசடி. நீ ஒவ்வொண்ணாச் சொல்லிச் சொல்லி வரைய வெச்சே."

"பேனா யார் கையில இருந்துச்சு?"

"மச்சம் இருக்குன்னு சொன்னியே."

"சொன்னேன். ஒரே ஒரு தடவை திரும்பி என் மூஞ்சியைப் பாத்திருந்தீங்கன்னா ரூம் உங்களுக்கே கிடைச்சிருக்கும். பாப்பீங்களா மாட்டீங்களான்னு நான் அங்கயே நின்னுட்டு இருந்தேன்."

கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சம் இல்லை, ஆனால் புருவத்துக்கு மேல் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. அது எப்போதிலிருந்து என்று கேட்கத் தைரியம் வரவில்லை. பேசாமல் போய் என் மேசையை மெல்ல நகர்த்தி ஹாலுக்குக் கொண்டுவந்தேன். வரைந்தவன் வரைந்த இடத்தைக் காலி செய்வதுதான் முறை.

மேசையின் கடைசிக் காலை அறை வாசற்படி தாண்டி வைத்தபோது அழைப்பு மணி அடித்தது. திறந்தேன். இரண்டு பேர் ஒரு புதுக் கட்டிலைச் சுமந்துகொண்டு நின்றார்கள்.

"இப்ப யாரு உங்களை வரச் சொன்னது?" என்றேன்.

"உங்க வீட்டம்மா போன வாரமே சொல்லிட்டாங்க சார். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் கொண்டாங்க, அதுக்குள்ள சார் மேசையை வெளியே எடுத்து வெச்சிருப்பார்னு."