அது கணக்கில் சேராது

படக்கதைக் காவலர் என்றோர் இனம் நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறது. அவருக்குச் சீருடை கிடையாது, சம்பளம் கிடையாது, அவரை யாரும் வேலைக்கு வைத்ததும் கிடையாது. ஆனாலும் முகமூடி போட்ட ஒரு வீரன் எந்தக் காலத்தில் எந்தக் கூரையிலிருந்து எந்தக் காலை முன்வைத்துக் குதித்தான் என்பதை, அவனைப் படைத்தவரே மறந்துபோன பிறகும் நினைவில் வைத்துக்கொண்டு, இரவு பகலாகக் காவல் காத்துவருகிறார். யாரிடமிருந்து காக்கிறார் என்கிறீர்களா? அந்தக் கதையை எழுதுகிறவர்களிடமிருந்துதான்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். பேருந்தில் உட்கார்ந்து நீங்கள் ஒரு படக்கதையைப் பிரித்தால் பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு பெருமூச்சு வரும். என்ன என்று கேட்காதீர்கள். கேட்டால் தொலைந்தீர்கள்.

"இவன் எப்படி இருந்தவன் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார், குடித்துச் சீரழிந்த சொந்தக்காரரைப் பற்றிப் பேசுகிற குரலில். அந்தப் பத்திரிகை கெட்டுப்போய்விட்டது என்று இருபது வருஷமாகச் சொல்லிவருகிறார். அந்த இருபது வருஷத்தில் ஓர் இதழையும் தவறவிட்டதில்லை. புது இதழ் வரும் நாளில் கடைக்காரர் பூட்டைத் திறப்பதற்குள் வாசலில் நிற்பார். அப்பேர்ப்பட்ட குப்பையைத் தனக்கு முன்னால் வேறொருவர் படித்துவிடலாமா?

வீரனுக்குக் கல்யாணம் ஆகாவிட்டால், "பாவம் அந்தப் பொண்ணு, எத்தனை வருஷம் காத்திருப்பா? எழுதுறவனுக்கு மனசாட்சி வேணாம்?" கல்யாணம் ஆகிவிட்டால், "குடும்பஸ்தன் ஆக்கிட்டாங்க. இனிமே இவன் எங்க மாடிக்கு மாடி தாவப் போறான்?" கதை மாறாமல் இருந்தால் அரைத்த மாவையே அரைக்கிறார்கள், மாறினால் கை வைக்கக் கூடாத இடத்தில் கை வைத்துவிட்டார்கள். ஆக, கதை மாறவும் வேண்டும், மாறாமலும் இருக்க வேண்டும். எழுதுகிறவர்கள் இந்தச் சின்ன விஷயத்தைக்கூடச் செய்யமாட்டேன் என்கிறார்களே என்பதுதான் அவருடைய வருத்தம்.

நான் பழகிய காவலர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவர் காக்கும் வீரனின் பெயர் உருக்கு ஆந்தை. பகலில் கடிகாரம் பழுதுபார்க்கிறவன், இருட்டினால் இரும்பு இறக்கை கட்டிக்கொண்டு துரு மன்னன் என்ற கொடியவனைத் துரத்துகிறவன். என் கண்ணைச் சோதிக்கப் போனபோது, எழுத்து அட்டைக்குப் பதிலாக ஆந்தையின் படம் ஒன்றைத் தூரத்தில் பிடித்துக் காட்டினார்.

"பெல்ட்டுல எத்தனை பொத்தான் தெரியுது?"

"நாலு."

"அஞ்சு இருக்கணும். உங்க கண்ணுல கோளாறு இல்ல தம்பி. வரைஞ்சவன் கண்ணுலதான் கோளாறு."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். என் பட்டச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, வீட்டுக்குள் நுழைகிறவர் நெற்றியில் இடிக்கிற உயரத்தில் மாட்டியிருக்கிறார் அப்பா. ஆனாலும் "ஆந்தைக்கு எந்தக் கதையில இடது இறக்கை முறிஞ்சுது?" என்று கேட்டு, நான் விழித்ததும், "பட்டமெல்லாம் வாங்கியிருக்கீங்க..." என்று காவலர் இழுத்தபோது, இத்தனை நாள் என்னத்தைப் படித்துக் கிழித்தோம் என்று கூசிப்போனேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தையல்கடை மாடியில் கூடும் அவர்களுடைய சங்கத்தில் சேர்ந்துவிட்டேன்.

சங்கம் என்றால் நாங்கள் நான்கே பேர். காவலர், அவருடைய தங்கையைக் கட்டிய லிஃப்ட் மெக்கானிக், ஒரு பல் டாக்டர், நான். பல் டாக்டருக்கு வண்ணம் ஆகாது. "கலர் வந்தன்னிக்கே கதை செத்துப்போச்சு" என்பார். மெக்கானிக் நேர்மாறு, கறுப்பு வெள்ளைக் காலத்தையெல்லாம் கல்வெட்டில் சேர்த்துவிட்டார். ஆனால் நால்வருக்கும் பொதுவான ஆயுதம் ஒன்று உண்டு. எந்தக் கதை பிடிக்கவில்லையோ அந்தக் கதையைக் கண்ணை மூடி, கையை அசைத்து, "அது கணக்குல சேராது" என்று சொல்லிவிட்டால் போதும். அந்தக் கதை நடக்கவே இல்லை! அச்சிட்டார்கள், விற்றார்கள், இவரும் வாங்கினார், படித்தார், பிளாஸ்டிக் உறை போட்டு அடுக்கினார், ஆனாலும் நடக்கவில்லை. ஆந்தையின் மனைவி அவளைப் போலவே செய்த இயந்திரம் என்று ஒரு தடவை தெரியவந்தது. கணக்கில் சேராது. துரு மன்னன் திருந்திப் பாத்திரக் கடை வைத்தான். சேரவே சேராது.

இந்த ஆயுதம் ஒரு நாள் வீட்டுக்குள்ளேயே வெடித்தது. உருக்கு ஆந்தைக்கு ஒரு தம்பி. எரிமலைக்குள் விழுந்து செத்துப்போனவன். பல வருஷம் கழித்து ஓர் இதழின் கடைசிப் பக்கத்தில், சட்டைகூடக் கருகாமல், "அண்ணா!" என்று வந்து நின்றான். மெக்கானிக் கண் கலங்கினார். காவலர் கொதித்துப்போனார். தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், அந்த அம்மாவை நடுவில் வைத்துச் சண்டை போட்டார்கள்.

"உங்க அண்ணன்கிட்ட கேளு, அவன் செத்ததை யார் பார்த்தாங்க? வெறும் புகையத்தானே வரைஞ்சிருந்தாங்க?"

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா, அண்ணன்காரன் மூணு பக்கம் அழுதிருக்கான். செத்தவன் திரும்பி வந்துட்டா அந்த அழுகைக்கு என்ன மரியாதை?"

"விழுந்தவன் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். சாப்பாடு ஆறுது!"

அன்றோடு பேச்சு நின்றது. மச்சான் வரும் நாளில் மாப்பிள்ளைக்கு வெளி வேலை. மாப்பிள்ளை இருக்கும் நேரத்தில் மச்சான் அந்தத் தெருப் பக்கமே வரமாட்டார். சங்கத்தில் மட்டும், இதழ்களை விட்டுவிட மனசில்லாமல், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்கள். தங்கை என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, நீங்க படிச்சவர். அந்தப் படுபாவியை ஒண்ணு சாகடிங்க, இல்ல பிழைக்க வைங்க. எனக்கு உயிரோட இருக்கிற ரெண்டு பேரும் பேசிக்கணும்."

என்ன செய்வதென்று நான் முழித்துக்கொண்டிருந்தபோதுதான் பத்திரிகையின் ஆசிரியரே எங்களைத் தேடி மாடியேறி வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. ஒடுங்கிய படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தவருக்குத் தையல்காரர் கீழிருந்து தேநீர் கொடுத்தனுப்பினார். அதை ஒரு வாய் குடித்துவிட்டு மேஜைமேல் வைத்தார். சுற்றி வளைக்கவில்லை.

"விற்பனை படுத்துடுச்சு. முதலாளி நிறுத்தச் சொல்லிட்டார். கடைசியா ஒரு வாய்ப்புக் கேட்டிருக்கேன். பழைய வாசகர்கள் நீங்கதான். எந்தக் கதையெல்லாம் உண்மைன்னு ஒத்துக்கிறீங்களோ, அதை மட்டும் வச்சு மேற்கொண்டு எழுதறேன்."

காவலர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! இருபது வருஷமாக "என்கிட்ட மட்டும் கேட்டிருந்தா..." என்று வாக்கியத்தைப் பாதியில் விட்டுக்கொண்டிருந்த மனிதரிடம் கேட்டேவிட்டார்கள். அதே நேரம், 'நிறுத்தச் சொல்லிட்டார்' என்ற சொல்லும் அவருக்குள் இறங்கியிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

பீரோவைத் திறந்து எல்லா இதழ்களையும் மேஜைமேல் அடுக்கினோம். கணக்கில் சேராததைத் தரையில் வைப்பது என்று ஏற்பாடு. பல் டாக்டர் எழுந்து, வண்ண இதழ்களை அள்ளிக் கீழே வைத்தார். மெக்கானிக் பதிலுக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டுகளில் பாதியை இறக்கினார். "அப்போ சரி" என்று டாக்டர் வண்ணத்தில் சிலவற்றைப் பெரிய மனசு பண்ணி மேலே எடுத்து வைக்க, தம்பி திரும்பி வந்த பிறகு வந்த அத்தனையையும் காவலர் கீழே தள்ளினார். தம்பி செத்த இதழையும் அதற்கு முந்திய அத்தனையையும் பழிக்குப் பழியாக மெக்கானிக் தள்ளினார். நான் மட்டும் பெருந்தன்மையாக இருந்தேன் என்று நினைக்கிறீர்களா? ஒரு கதையில் மாட்டுக்குக் காதுக்குக் கீழே கொம்பு வரைந்திருந்தார்கள். மாடு மேய்த்து வளர்ந்தவன் நான், சும்மா விடுவேனா? அந்தக் கதை தொடர்ச்சியாக வந்த பத்து இதழ்களையும் தூக்கித் தரையில் போட்டேன்.

கடைசியில் மேஜைமேல் ஆறிப்போன காபியும் ஒரே ஓர் இதழும் மிஞ்சின. விடுமுறைச் சிறப்பிதழ். புள்ளிகளை இணைப்பது, ஆந்தைக்கு வண்ணம் தீட்டுவது, துரு மன்னனின் குகையிலிருந்து வெளியேற வழி கண்டுபிடிப்பது.

"இதுல கதையே இல்லையே?" என்றார் ஆசிரியர்.

"அதான் தப்பும் இல்ல" என்றார் காவலர்.

ஆசிரியர் சிரிக்கவில்லை. அந்தச் சிறப்பிதழைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ரொம்ப உதவியா இருந்துச்சு" என்று எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிப்போனார். தரையில் கிடந்த ஆந்தைகளைத் தாண்டித் தாண்டி நாங்களும் வீட்டுக்குப் போனோம்.

அடுத்து வந்த இதழின் அட்டையில் பெரிதாக 'முதல் இதழ்' என்று போட்டிருந்தது. உள்ளே கடிகாரம் பழுதுபார்க்கும் ஓர் இளைஞன். இறக்கை இன்னும் முளைக்கவில்லை. துரு மன்னன் பிறக்கவில்லை. மனைவி கிடையாது, மனைவியைப் போன்ற இயந்திரமும் கிடையாது. இரண்டாம் பக்கத்தில் அவனே சொல்கிறான்: 'நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை.'

நான் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தபோது காவலர் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். தங்கை எடுப்பார் என்று நினைத்திருக்கிறார். எடுத்தது மாப்பிள்ளை.

"மாப்ள... பாத்தீங்களா?"

"பாத்தேன் மச்சான்." அவர் கத்தியது எனக்கே கேட்டது. "தம்பியே கிடையாதாம்!"

"அது எப்படி இல்லாமப் போகும்? செத்துப்போயிருந்தாலும் நம்ம தம்பி, பிழைச்சு வந்திருந்தாலும் நம்ம தம்பி. ஒரேயடியா இல்லைன்னு சொல்ல இவங்க யாரு?"

"அத்தனை வருஷக் கதையையும் தூக்கித் தரையில போட்டுட்டாங்களே மச்சான்!"

யார் போட்டது என்று நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அந்தக் கூட்டத்தில் ஒரு நாற்காலி இருக்கிறதே!

அன்று சாயங்காலமே மச்சானும் மாப்பிள்ளையும் மாடியில் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து, தரையில் கிடந்த இதழ்களைத் தூசி தட்டி மேஜைமேல் ஏற்றினார்கள். கலரும் ஏறியது, கறுப்பு வெள்ளையும் ஏறியது. பாத்திரக் கடையும் இயந்திர மனைவியும்கூடப் புனிதமாகிவிட்டன. மாட்டின் கொம்பு ஒரு கலை முயற்சி என்று நானே பேசினேன். நால்வரும் சேர்ந்து காரசாரமாக ஒரு கண்டனக் கடிதம் அனுப்பினோம். ஆசிரியர் அதை முழுப் பக்கத்துக்கு அச்சிட்டு, அடியில் 'நன்றி. தொடர்ந்து திட்டுங்கள்' என்று போட்டிருந்தார். எங்களைப் போன்ற சங்கங்கள் வேறு மாடிகளிலும் இருந்திருக்க வேண்டும். அவரவர் பங்குக்குத் திட்டுவதற்காக வாங்கினார்கள். பத்திரிகை பிழைத்துக்கொண்டது. காவலர் இப்போது ஒவ்வோர் இதழிலும் இரண்டு பிரதி வாங்குகிறார்: ஒன்று திட்ட, ஒன்று உறை போட்டு வைக்க.

தங்கை வீட்டில் இப்போதும் சாப்பாடு ஆறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் இருவரும் ஒரே பக்கம் உட்கார்ந்து ஆறவிடுகிறார்கள். "பேசாம இருந்தப்ப வீடு எவ்வளவு அமைதியா இருந்துச்சு" என்று அந்த அம்மா என்னிடம் குறைப்பட்டுக்கொள்கிறார், சிரித்தபடியே.

போகட்டும். இப்படியும் மனிதர்கள் இருப்பார்களா என்று தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. ஆசிரியருக்கு மாடியில் கொடுத்தது தேநீர் என்று எழுதினேன். கொஞ்சம் தள்ளி அதுவே காபியாக ஆறிக் கிடந்தது. அப்போதே கவனித்து, 'இவனெல்லாம் எழுத வந்துவிட்டான்' என்று பல்லைக் கடித்தீர்களா? மாடிக்கு வாருங்கள், உங்களுக்கு நாற்காலி போட்டாயிற்று. கவனிக்கவில்லையா? நல்லது. ஆனால் உண்மைதானா என்று இப்போது மேலே போய்ச் சரிபார்க்கிறீர்களே, உங்களுக்குத்தான் முன்வரிசை.

அந்தக் காபி மட்டும், தயவுசெய்து, கணக்கில் சேராது.