தமிழ் தெரியாத சார்

கோவில்பதாகை, ஆவடி
9-2-1998

கல்வி ஆய்விதழின் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற ஆசிரியப் பயிற்சி விரிவுரையாளர் உலகநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் நலமாக இருக்க வேண்டும்; அச்சகத்தார் இரண்டு நாள் மெதுவாக வேலை செய்தால் இன்னும் நல்லது. அடுத்த இதழில் வரவிருக்கும் ‘ஒரு சொல் தமிழ் பேசாமல் ஆங்கிலம் கற்பித்தல்: சமுதாயக் கல்லூரியில் ஒரு வெற்றி’ என்ற என் கட்டுரையைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். அது அச்சானால் என் மானம் போய்விடும்.

1961இல் நான் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது, ஆங்கில வகுப்பில் ஒரு தமிழ்ச் சொல் வாயிலிருந்து விழுந்தால் வெளியே நிற்க வேண்டும். பாதிப் பயிற்சியை நான் வராந்தாவில்தான் முடித்தேன். பிறகு முப்பத்தைந்து வருஷம் மற்றவர்களை வராந்தாவில் நிறுத்தினேன். ஓய்வு பெற்றும் புத்தி வரவில்லை. குமணன்சாவடிப் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியில், ஆஸ்பத்திரி உதவியாளர் படிப்புக்கு வந்த பதினொரு பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் போனேன். முதல் நாள் அரை மணி நேரம் நான் மேசையைத் தட்டி “திஸ் இஸ் எ டேபிள்” என்று கத்திக்கொண்டிருக்க, முன் வரிசை நாகம்மா பக்கத்திலிருந்த வனஜாவிடம், “பாவம்டி, இந்த சாருக்குத் தமிழ் தெரியாது போல கீது. எந்த ஊரு ஆளோ, வயசான காலத்துல இங்க வந்து மாட்டிகினு கீறாரு” என்றார். மறுப்பதென்றால் தமிழில் மறுக்க வேண்டும். விதி விதிதான் என்று வாயை மூடிக்கொண்டேன். “சட்டை பட்டனைக்கூட மாத்திப் போட்டுகினு வந்துகீறாரு பாரு” என்றார் வனஜா. தமிழ் தெரியாதவன் எப்படிக் குனிந்து பார்ப்பது? மணி அடிக்கும்வரை அந்தப் பட்டனோடேயே நின்றேன்.

மறுநாளிலிருந்து அவர்கள் எனக்குத் தமிழ் சொல்லித்தர ஆரம்பித்துவிட்டார்கள். “சார், திஸ் வாயப்பயம். ஸே, ஸே. நோ சார், ஓப்பன் மவுத். ஸ்லோலி. ஒன் மோர் டைம்.” நானும் வேறு வழியில்லாமல் தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். மூன்று மாதத்தில் பதினொரு பேரும் என்னைத் திருத்துகிற சாக்கில் கடகடவென்று ஆங்கிலம் பேச, நான் அதையெல்லாம் குறித்துவைத்து, என் முறையின் வெற்றி என்று தங்களுக்கு அனுப்பிவிட்டேன். போன வெள்ளிக்கிழமை “எனக்குப் பசிக்குது” என்று முழுசாகச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். வெட்கமாக இருந்தது சார், சந்தோஷமாகவும் இருந்தது. நம்பிய பெண்களை ஏமாற்றிப் பெயர் வாங்க மனசு வரவில்லை.

தங்கள் இதழ் நெடுங்காலம் வாழ்க, நான் அதில் இல்லாமலே வாழ்க. வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உலகநாதன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் நாகம்மா வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரி நேர்முகத் தேர்வில் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லி வேலை வாங்கிவிட்டாராம். சந்தோஷத்தில், “வாம்மா, உட்காரு” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“தெரியும் சார். மொத நாளே கிளாஸ் முடிஞ்சி வூட்டுக்குப் போறப்ப பஸ்ஸுல கண்டக்டராண்ட தமிழ்ல அப்படிக் கத்தினீங்களே, நாங்க பின்னாடி சீட்லதான் குந்திகினு இருந்தோம்.”

“அப்புறம் எதுக்கம்மா எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தீங்க?”

“இங்கிலீசுல வாயைத் தொறந்தா தப்பா வந்துடுமோன்னு எங்க எல்லாருக்கும் பயம் சார். மொதல்ல நீங்க தப்பாப் பேசினா எங்களுக்கும் தைரியம் வரும்னுதான்.”

ஆகவே கட்டுரையைப் போட்டுவிடுங்கள். ஆய்வாளர்: திருமதி நாகம்மா. ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டவர்: உலகநாதன்.