கால்காரனின் முகம்

முகத்திரையை எங்கே வெட்டினால் முகம் தெரியும் என்று கத்திரிக்கோலும் கையுமாக நின்றான் கால்காரன்.

அந்த அரங்கில் ஒரு பொம்மையை மூன்று பேர் ஆட்டுவார்கள். தலையை ஆட்டுகிறவர் மட்டும் முகம் காட்டலாம். இடது கையையும் காலையும் ஆட்டுகிற மற்ற இருவருக்கும் தலையோடு கறுப்புத் துணி. இளவரசிப் பொம்மைக்கு நிஜத்தில் காலே கிடையாது. குனிந்தபடி பாவாடை விளிம்பைத் தள்ளித் தள்ளிக் கால்காரன்தான் அவளை நடக்க வைக்க வேண்டும்.

"நான் ஒருத்தி இருக்கிறதே உங்க கண்ணுக்குத் தெரியல" என்று மூன்று மாதம் முன்பு அம்மா வீட்டுக்குப் போன மனைவி, இதுவரை ஒரு நாடகம்கூடப் பார்க்காதவள், அவன் அனுப்பிய டிக்கெட்டில் இன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலையணையைக்கூட அவன் இடம் மாற்றவில்லை. அவ்வளவு ஏக்கம்.

"என் முகத்தைப் பார்த்தா அவ மனசு இளகிடும்" என்றான் கால்காரன்.

"உன் முகத்தைப் பார்த்துத்தானே போனா?" என்றான் இடதுகைக்காரன்.

தலைக்காரர் எட்டிப் பார்த்தார். "இளவரசி நாலு அடிக்கு ஒருதரம் நின்னு திரும்பறா. யாரைத் தேடறா? இன்னிக்காவது நேரா நடக்க விடு!"

"கை அப்படியே பழகிடுச்சுங்க."

மேடையில் எதுவும் கிலுங்கக் கூடாது. வழக்கம்போல வீட்டுச் சாவியை டிக்கெட் கொடுக்கும் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு ஏறினான்.

குனிந்ததும் முகத்திரையில் வெட்டியிருந்த ஓட்டை பக்கவாட்டில் நகர்ந்தது. முதல் காட்சி முழுக்க மூன்றாவது வரிசைக்குக் காது தரிசனம்தான். இரண்டாம் காட்சியில் துணியைப் பல்லால் இழுத்தான். இப்போது கண் இரண்டும் மூடிக்கொண்டன. இளவரசியின் தலை காட்டுக்குக் கிளம்ப, பாவாடை அரண்மனைக்கே திரும்பியது.

"டேய், முன்னால!" என்று பல்லைக் கடித்தார் தலைக்காரர்.

முன்னால் வந்தவன் அவர் காலை மிதித்தான். அவர் சாய, இளவரசி பறந்து இடதுகைக்காரன் தோளில் விழுந்தாள். அரங்கமே சிரித்தது. ஆனது ஆகட்டும் என்று துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு நிமிர்ந்து நின்றான்.

மூன்றாவது வரிசை நாற்காலி காலி.

நாடகம் முடிந்து தொங்கிய முகத்தோடு டிக்கெட் அறைக்கு வந்தான். "சாவியைக் கொடுங்கக்கா. நான் அடிச்ச கூத்தைப் பார்த்து அவளும் எழுந்து போயிட்டா."

"நீ அடிச்ச கூத்து அவளுக்குத் தெரியாதுப்பா. முதல் காட்சியிலேயே அழுதுக்கிட்டு வந்துட்டா. 'நாலு அடிக்கு ஒருதரம் நின்னு, இவர் வர்றாரான்னு திரும்பிப் பார்க்கிறது நான்தானே'ன்னு சொல்லி, சாவியை வாங்கிட்டு உங்க வீட்டுக்குப் போயிட்டா."